அட்லாண்டிக்குக்காக அலறியவர் யார்?

9

"பிரெஸ்டன் வின்ஸ்லோ இன்னிக்கு அழணும், பிக்கெட். சும்மா கண் கலங்கினா பத்தாது. மூக்கு ஒழுகணும்."

காலை எட்டரை மணிக்கு ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே என் பாஸ் இப்படிச் சொன்னார்.

"கர்சீஃப் யார் கணக்குல, பாஸ்?"

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேஸ் வந்த மூன்று வாரமாகவே சிரிக்கவில்லை.

பாஸின் பெயர் சிக்னே ஹால்வர்சன், வயது ஐம்பத்தாறு. சியாட்டிலின் மீனவர் பகுதியான பாலர்டில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவரின் மகள். கம்பெனிகளின் கிளவுட் பில்லைத் துப்பறிவது தொழில். இந்த சியாட்டிலில் எந்தக் கம்பெனியும் இப்போது சொந்தமாக மெஷின் வாங்குவதில்லை. எங்கோ ஒரு பெரிய கொட்டகையில் ஓடும் மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுத்தவன் மறந்துவிடுவான். மெஷின் மறக்காமல் ஓடும், கூடவே பில்லும் ஓடும். எது வீணாக ஓடுகிறது, எதை நிறுத்தலாம், எவ்வளவு மிச்சமாகும் என்று மதிப்பிட்டுச் சொல்வது பாஸின் வேலை. அவருக்குப் போனை எடுக்கும் பழக்கம் கிடையாது என்பதால் அதை எடுப்பது என் வேலை. நான் லயனல் பிக்கெட். ஜோக் அடிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

இப்போது கையில் இருக்கும் கேஸ் ஆய்ஸ்டர்லேன் பார்சல்ஸ் என்ற பார்சல் கம்பெனி. பில்லைக் குறைக்க வழி கேட்டு அதன் போர்டு கூப்பிட்டிருந்தது. பாஸ் அங்கேதான் பதினொரு வருடம் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வைஸ் பிரசிடென்ட் வின்ஸ்லோ அவரைக் கூப்பிட்டு, "உங்க இடம் இனிமே தேவையில்லை" என்று சொல்லி, காவலாளி பின்னால் நடந்து வர, ஓர் அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பினார். இதுவரைதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்டால் பாஸின் உதடு கோடாகிவிடும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. நாலு மணிக்கு என்ன நடக்கப் போகுது?" என்றேன்.

"போர்டு மீட்டிங். நான் பதினெட்டுல இருந்து இருபத்துநாலு சதவீதம் மிச்சம் பிடிக்கலாம்னு சொல்லப் போறேன். வின்ஸ்லோ முடியவே முடியாதுன்னு சொல்லுவான். 'மூணு வருஷம் முன்னாடி நானே முப்பத்தொண்ணு புள்ளி நாலு சதவீதம் மிச்சம் பிடிச்சுட்டேன், கிளவுட்ல பிழிய இனிமே சாறு இல்லை, ஆளுங்களைத்தான் குறைக்கணும்'னு. பிரெமர்ட்டன் டிஸ்பாட்ச் ரூம்ல பத்தொன்பது பேர். லிஸ்ட் டைப் அடிச்சு வெச்சிருக்கான்."

"புள்ளி நாலா?"

"கவனிச்சியா? மதிப்பீடுன்னா இதுல இருந்து இதுக்குள்ளேன்னு ஒரு இடைவெளி இருக்கும். புள்ளி வெச்சுச் சொல்றவன் ஒண்ணு கடவுள், இல்லைன்னா திருடன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அந்த முப்பத்தொண்ணுல பாதிக்கு மேல ஒரே ஒரு மெஷின் கூட்டத்தை நிறுத்தினதால வந்ததாம். அதோட பேர் அட்லாண்டிக். அதை யாராவது பார்த்திருக்காங்களான்னு கண்டுபிடி. நாலு மணிக்குள்ள."

"பழைய பில்லைப் பார்த்தா போச்சு."

"அந்த வருஷத்து விவர பில்லையெல்லாம் வின்ஸ்லோ அழிச்சுட்டான். 'இடத்தை மிச்சம் பிடிக்க'வாம்."

"உங்க பழைய ஆபீஸ்தானே, நீங்களே போகலாமே?"

"என் மூஞ்சியைப் பார்த்தா எல்லாரும் உஷாராயிடுவாங்க. உன் மூஞ்சியைப் பார்த்து இதுவரைக்கும் எவனும் உஷாரானதில்லை."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் மூளையில் ஒரு கதை தயாராக இருந்தது. வின்ஸ்லோ அட்லாண்டிக்கை நிறுத்தவே இல்லை. எங்கேயோ ஒளித்து வைத்துச் சொந்த வியாபாரத்துக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறான். நான் ஆளைப் பிடிக்கிறேன், பாஸ் எனக்குச் சம்பளம் கூட்டுகிறார். கதையின் கடைசிப் பகுதியில் எனக்கே நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம்.

ஆய்ஸ்டர்லேனின் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர் டேல் ஒகாடா. பதினாறு வருட சர்வீஸ். மேஜைக்கு மேலே ஐந்து மீன்களின் படம் ஒட்டியிருந்தது.

"சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். "எங்க மெஷின் கூட்டம் அஞ்சு. அஞ்சுக்கும் நம்ம கடல் சால்மன் பேரு."

"ஆறாவதா அட்லாண்டிக்னு ஒண்ணு இருந்துச்சாமே?"

ஒகாடா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யோவ், நீ எந்த ஊரு?"

"ஸ்போகேன்."

"அதான். கடல் இல்லாத ஊரு. அட்லாண்டிக் சால்மன் இங்கே கூண்டுல தீனி போட்டு வளர்க்கிற மீன். அந்தப் பேரைக் கேட்டாலே இங்கே மீன் பிடிக்கிறவன் காறித் துப்புவான். இந்த ஊர்ல பொறந்த எவனும் மெஷினுக்கு அப்படிப் பேரு வெக்க மாட்டான்."

"வின்ஸ்லோ வெச்சிருப்பாரோ?"

"அவரு கிழக்குக் கரைக்காரரு, கனெக்டிகட். அவருக்கு மீன்னா தட்டுல எலுமிச்சம்பழத்தோட வர்றது. இங்கே எந்த மெஷினுக்கும் அவரு பேரு வெச்சதில்லை."

"நீங்க அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"யார் நிறுத்தினது?"

"நான் இல்லை. என் ஆளுங்க இல்லை. ஒரு நாள் அறிக்கையில நிறுத்தியாச்சுன்னு இருந்துச்சு. போய்க் கேட்டேன். 'நானே நிறுத்திட்டேன், டேல்'னாரு. வைஸ் பிரசிடென்ட் நிறுத்தினேன்னா நிறுத்தினதுதான். எனக்கு வீட்டுக் கடன் இருக்குய்யா."

பிறகு இழுப்பறையைத் திறந்து சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தார். என்னதான் கிளவுட் என்றாலும் இந்த ஒரு கணக்கு மட்டும் பேனாவால்தான்.

"அலறல் நோட்டு" என்றார்.

"பேய்க் கதையா?"

"கேளு. ஒரு மெஷின் சும்மா ஓடுது, யாரோடதுன்னு தெரியலை. எல்லாருக்கும் மெயில் போட்டா ஒருத்தனும் பதில் போட மாட்டான். அதனால நிறுத்திடுவோம். எவன் அலறிக்கிட்டு ஓடி வர்றானோ அவன்தான் சொந்தக்காரன். ரெண்டு வாரம் யாரும் அலறலைன்னா தூக்கிடுவோம். எல்லா ஊர்லயும் வழக்கம்தான், நான் எழுதி வெக்கிறேன், அவ்வளவுதான்."

மூன்று கட்டம். பெயர், நிறுத்திய தேதி, அலறியவர். கேன்டீன் மெனு காட்டும் ஒரு சின்ன மெஷினை நிறுத்தியதற்கே பதினொரு பேர் அலறியிருந்தார்கள். அதில் ஒருவர் ஒகாடாவே.

"அன்னிக்கு செவ்வாய்க்கிழமை, கேன்டீன்ல டாகோ போடுற நாள்" என்றார், வெட்கத்தோடு.

அட்லாண்டிக் என்ற பெயரே நோட்டில் இல்லை. கம்பெனியின் பெரிய மெஷின் கூட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள், மெனுவுக்குப் பதினொரு பேர் கத்திய இடத்தில் இதற்கு ஒரு முனகல்கூட இல்லை.

பக்கங்களைப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச்சில் ஒரு வரி. அது மெஷின் பெயர் இல்லை.

ஹால்வர்சன், சிக்னே. மார்ச் 9. அலறியவர்: ரமோனா டோலிவர்.

ஒகாடாவின் காது சிவந்தது. "கோபத்துல எழுதினேன். அவங்ககிட்ட சொல்லிடாதே."

"ரமோனா யாரு?"

"சிக்னேவுக்குப் பக்கத்து மேஜை. அன்னிக்கு நாற்காலி மேல ஏறி நின்னு கத்தினா பாரு, ஆறாவது மாடி வரைக்கும் கேட்டுது. மறுவாரமே தண்ணி தாண்டி பிரெமர்ட்டனுக்கு மாத்திட்டாங்க."

பிரெமர்ட்டன். வின்ஸ்லோ டைப் அடித்து வைத்திருக்கும் லிஸ்ட். நோட்டைக் கடன் கேட்டேன். ஒகாடா மூச்சை இழுத்துவிட்டு, "நாலு மணிக்கு நானே கொண்டு வர்றேன். வீட்டுக் கடன் போனா போகட்டும்" என்றார்.

பதினோரு மணி ஃபெரியைப் பிடித்தேன்.

பிரெமர்ட்டன் டிஸ்பாட்ச் ரூமில் பத்தொன்பது பேரும் காதில் ஹெட்செட்டோடு பத்தொன்பது வழி தவறிய டிரைவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரமோனா டோலிவர் அறுபதைத் தொட்டவர். காதில் பெரிய வளையம், மேஜையில் பிளாஸ்க் நிறைய கிளாம் சவுடர் என்கிற சிப்பி சூப்.

"லெஃப்ட்ல திரும்புடா... உன் லெஃப்ட் இல்லை, எல்லாருக்கும் இருக்கிற லெஃப்ட்!" ஹெட்செட்டைக் கழற்றினார். "சொல்லு கண்ணு. லிஸ்ட்டைக் கொடுக்க வந்தியா? நாலு மணிக்குன்னுல்ல சொன்னாங்க?"

"நான் சிக்னே ஹால்வர்சனோட ஆளு."

அவர் முகம் இறுகியது.

"ஓ. உயிரோட இருக்காளா?"

"ஓட்ஸ் சாப்பிடுறாங்க. அது உயிர்ல சேர்த்தியான்னு தெரியலை."

"அவளுக்காக நாற்காலி மேல ஏறிக் கத்தினேன். அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போய் கார்ல வெச்சேன். அப்புறம் இருபது தடவை போன் பண்ணேன். இருபது! ஒரு தடவை எடுக்கலை. எனக்கும் ரோஷம் இருக்கில்ல, விட்டுட்டேன்." பிளாஸ்க் மூடியைத் திருகினார். "இப்போ என்னவாம்?"

"அட்லாண்டிக்னு ஒரு மெஷினை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"மெஷினெல்லாம் எனக்குத் தெரியாது. அவ அன்னிக்குக் காலையில ஏதோ ஒரு அறிக்கைக்கு பிரின்ட் கொடுத்தா. பேப்பர் பிரின்டர்ல இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு, இவளை எழுந்திரு நடன்னுட்டாங்க. லேப்டாப்பைப் பிடுங்கிட்டாங்க. நான் பேப்பரை எடுத்து வெச்சேன், கொடுக்கலாம்னு. அவதான் போனை எடுக்கலையே."

"அந்தப் பேப்பர் எங்கே?"

ரமோனா மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பிரின்டர். அதன் ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில், ஆடாமல் இருக்கக் கொடுத்த முட்டாக, ஒரு பச்சை ஃபைல்.

"படிக்கலையா நீங்க?"

"நாப்பத்தாறு பக்கம் கண்ணு. நான் என்ன பாவம் பண்ணேன்?"

உருவி எடுத்தேன். பிரின்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "விடு, இன்னிக்கோட அதுக்கும்தான் வேலை போகுது" என்றார் ரமோனா. சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் ஹெட்செட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார்.

திரும்பும் ஃபெரியில் பனிமூட்டம். கப்பல் நத்தையாக ஊர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தேன். நாற்பத்தைந்து பக்கமும், இந்தக் கேஸுக்காக நான் ஏற்கெனவே படித்திருந்த, வின்ஸ்லோவின் அந்தப் புகழ்பெற்ற அறிக்கைதான். வார்த்தைக்கு வார்த்தை, கமாவுக்குக் கமா. ஒவ்வொரு தாளின் தலையிலும் மார்ச் 9, எஸ். ஹால்வர்சன் என்று அச்சாகியிருந்தது. வின்ஸ்லோ போர்டுக்கு அதைக் கொடுத்தது மார்ச் 20-ஆம் தேதி.

அடப்பாவி. மிச்சம் பிடித்த கணக்கையே மிச்சம் வைக்காமல் சுட்டிருக்கிறான்.

பிறகு நாற்பத்தாறாவது பக்கத்தைத் திருப்பினேன். ஐந்தே வரி. இரண்டு தடவை படித்தேன். என் அருமையான கதை, ஒளித்து வைத்த மெஷின், சம்பள உயர்வு எல்லாம் கடலில் விழுந்தது.

பாஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. போனை எடுக்காத இந்தப் பெண்மணியால் மூன்று வருடம் ஒரு பிரின்டர் ஆடாமல் நின்றிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

போர்டு ரூமுக்குள் நான் மூச்சிரைக்க நுழைந்தபோது மணி நாலு இருபது. நீள மேஜையின் தலைமாட்டில் முதலாளி வெண்டல் ஸ்ட்ராண்ட். ஒரு பக்கம் பாஸ். அவருக்குப் பின்னால் சுவரை ஒட்டி, சிவப்பு நோட்டை மார்போடு அணைத்தபடி ஒகாடா. எதிரே பிரெஸ்டன் வின்ஸ்லோ, பற்பசை விளம்பரத்துக்குப் போகலாம் என்கிற மாதிரிப் பல். அவர் முன்னால் மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கட்டி. அதற்குள் ஒரு பித்தளை மீன். கீழே எழுத்து: அட்லாண்டிக். இங்கே உறங்குகிறது. மிச்சம் பிடித்ததற்காகப் போர்டு கொடுத்த பரிசு. கையோடு கொண்டு வந்திருந்தார், ஆணவம்.

"...பில் குறையலையேன்னு கேட்கிறாங்க, வெண்டல். பார்சல் ரெண்டு மடங்காச்சு. நான் அட்லாண்டிக்கை நிறுத்தலைன்னா பில் எங்கே போயிருக்கும்?"

இதுதான் இந்தத் தொழிலின் அழகு. வராத செலவை யார் எண்ணிப் பார்ப்பது?

பாஸ் நிதானமாகக் கேட்டார். "அட்லாண்டிக்கை யார் நிறுத்தினது, மிஸ்டர் வின்ஸ்லோ?"

"நானே. இந்தக் கையால."

"அன்னிக்கு ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? மழை நாள். பட்டன்ல விரல் வெச்சப்போ கை நடுங்கிச்சு."

"யாராவது அலறினாங்களா?"

"அலறினாங்களாவா!" வின்ஸ்லோ சிரித்தார். "மூணு நாள் என் போன் ஓயலை. நான்தான் தாங்கிக்கிட்டேன்."

"மூணு வருஷமும் ஆண்டறிக்கையில இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"பெருமையோட."

பாஸ் ஒகாடாவைப் பார்த்தார். ஒகாடா முன்னால் வந்து நோட்டை ஸ்ட்ராண்டிடம் நீட்டினார். "மெனு மெஷினை நிறுத்தினதுக்குப் பதினொரு பேர் கத்தினாங்க, சார். அட்லாண்டிக்குக்கு ஒரு வரிகூட இல்லை."

"கிளார்க் நோட்டு!" என்றார் வின்ஸ்லோ. "எழுத மறந்திருப்பான். வெண்டல், வேலையை விட்டுத் துரத்தின கடுப்புல ஒரு பொம்பளை வந்து..."

ஸ்ட்ராண்ட் தயங்கினார். நெற்றியைத் தேய்த்தார். பத்தொன்பது பேரின் லிஸ்ட் அவர் கைக்கருகே கிடந்தது, மேலே பேனா. பாஸ் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் வேறு சீட்டு இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெறும் அலறலை நம்பி வந்திருக்கிறார்.

"மன்னிக்கணும். ஃபெரி லேட்டு" என்று பச்சை ஃபைலை மேஜையில் வைத்தேன். அதன்மேல் பிரின்டர் காலின் வட்டத் தடம்.

பாஸ் அதைப் பார்த்தார். ஒரு வருடமாக அவரோடு இருக்கிறேன், அவர் முகம் இப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. தொடக்கூட இல்லை.

"மிஸ்டர் ஸ்ட்ராண்ட், தாள் தலையில தேதியும் பேரும் இருக்கு. கடைசிப் பக்கத்தை மட்டும் சத்தமாப் படிங்க" என்றேன்.

ஸ்ட்ராண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இந்த அறிக்கையில் ஒரே ஒரு வரி பொய். அட்லாண்டிக் என்று ஒரு மெஷின் நம்மிடம் கிடையாது. என் முந்தைய இரண்டு அறிக்கைகள் என் பெயர் இல்லாமல் மேலே போனதால் இதைச் சேர்த்திருக்கிறேன். இதுவரை படித்தவர் அந்த வரியை நீக்கி, மிச்சத்தைப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து சதவீதம் என்று திருத்தவும். பிறகு என்னை அழைக்கவும். எஸ். ஹால்வர்சன்."

ஸ்ட்ராண்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது... இவளே பொய் எழுதியிருக்கா!" என்று எழுந்தார் வின்ஸ்லோ. "கம்பெனியை ஏமாத்த!"

"ஆமா, ஒரே ஒரு பொய்" என்றார் பாஸ். குரல் தாழ்ந்திருந்தது, அதனாலேயே பயமாக இருந்தது. "அதை எடுத்துட்டு அனுப்புங்கன்னும் எழுதினேன். என் பேர் இருந்த கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே, நீங்க உண்மையை எடுத்துட்டுப் பொய்யை அனுப்பிட்டீங்க. அப்புறம் டேல் வந்து கேட்டப்போ உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அப்படி ஒண்ணு இல்லைன்னு. உடனே பில்லை அழிச்சீங்க. இல்லாத மீனுக்குக் கண்ணாடியில கல்லறை கட்டிக்கிட்டீங்க. மழை பெய்ஞ்சுதாம், கை நடுங்கிச்சாம்! இப்போ அந்தப் பொய்யைக் காப்பாத்த பத்தொன்பது பேரைத் தண்ணியில தள்ளப் பார்த்தீங்க."

வின்ஸ்லோ ஸ்ட்ராண்டைப் பார்த்தார். ஸ்ட்ராண்ட் பேனாவை எடுத்து மூடி போட்டுப் பையில் செருகிக்கொண்டார். லிஸ்ட்டை நான்காக மடித்துக் கிழித்தார்.

"உங்க கார்டை வெச்சுட்டுப் போங்க, பிரெஸ்டன்."

வின்ஸ்லோ அழவில்லை. மூக்கும் ஒழுகவில்லை. "பார்க்கிங்குக்குக் கார்டு வேணுமே" என்றார். இதற்காகவா மூன்று வருடம் காத்திருந்தார் பாஸ் என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"சிக்னே, நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தார் ஸ்ட்ராண்ட்.

"கடைசிப் பக்கம் எங்கேன்னு நீங்களும் கேட்கலை, வெண்டல்" என்றார் பாஸ். ஸ்ட்ராண்ட் கிழிந்த லிஸ்ட்டைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஆளாளுக்குக் கலைந்த பிறகு பாஸ் ஒகாடாவிடம் நோட்டை வாங்கினார். என் பேனாவைப் பிடுங்கி, அன்றைய தேதிக்கு நேராகத் தடித்த எழுத்தில் எழுதினார். வின்ஸ்லோ, பிரெஸ்டன். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்து, ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கார் நிறுத்தத்தில் அட்டைப்பெட்டியோடு ஓர் ஆள் கார் கதவோடு போராடிக்கொண்டிருந்தான். பெட்டியைப் பிடிக்க யாரும் போகவில்லை.

அலறியவர் கட்டத்தைக் காலியாக விட்டார்.

"ரெண்டு வாரம் பார்க்கணும். அதான் ரூலு" என்றார் ஒகாடா.

பாஸ் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. "ஃபைல் எங்கே கிடைச்சுது, பிக்கெட்? வேலை போனப்பவே ஒரு வக்கீல் சொன்னான், அந்தப் பேப்பர் ஒண்ணு இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருக்கலாம்னு. எங்கே இருந்துச்சு இத்தனை நாளா?"

நான் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். ஒகாடா கூரையைப் பார்த்தார்.

பாஸ் தன் பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"நாற்காலி மேல ஏறி நின்னு கத்தினாங்களாம்" என்றேன். "அதுக்குத்தான் தண்ணி தாண்டி அனுப்பிட்டாங்க. அப்புறம் உங்களுக்கு இருபது தடவை போன் பண்ணாங்களாம், பேப்பரைக் கொடுக்க. இன்னிக்கு அந்த லிஸ்ட்ல அவங்க பேரும் இருந்துச்சு, பாஸ்."

பாஸின் விரல் மட்டும் அந்தப் பெயரின் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

என் கர்சீஃபை நீட்டினேன். அதில் பாதி, ரமோனா ஊற்றிக் கொடுத்த சவுடரின் கறை.

"அடுத்த ஃபெரி எத்தனை மணிக்கு?" என்றார்.

"அஞ்சு நாப்பதுக்கு. முதல்ல போன் பண்ணிச் சொல்லிடவா?"

"வேண்டாம்" என்று கர்சீஃபில் மூக்கைச் சிந்தினார். "கொடு. நான் பண்றேன்."